தோட்டத்து இரவும் புற்றுநோயும்

பண்டைத் தமிழர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் யாமத்திற்கும் காலைக்கும் இடைப்பட்டது வைகறை. இன்றைய கடிகாரக் கணக்கில் பின்னிரவு 2 மணி முதல் 6 மணி வரை உள்ள பொழுது அது. அப்பொழுதில் துயில் நீங்குதல் நன்று என்பதை ஆத்திசூடியின் வழியே அறியாத தமிழ் மாணவர் இரார். வைகறையில் எழுவோர் முன்னிரவிலேயே கண்ணுறங்க வேண்டும் என்னும் மறுபாதியை அந்நாளில் எவரும் வற்புறுத்திச் சொல்ல வேண்டியதில்லாமல் இருந்தது. விளக்கின் எண்ணெய் தீருமுன்னரே ஊர் உறங்கிவிட்டது.

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் மூன்று தலைமுறைத் தமிழர் வைகறையில் எழுந்தனர். அவர்களை எழுப்பியது அறநூலன்று, பால்மரம். அவர்களுடைய மக்களும் பேரப்பிள்ளைகளும் பின்னாளில் தொழிற்சாலைகளுக்குச் சென்று யாமத்திலும் விழித்திருந்தனர். அவர்களை விழிக்கச் செய்தது பொறி. 2007ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், பிரான்சு நாட்டின் லியோன் நகரில் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை கூட்டிய அறிஞர் குழு, உடலின் நாட்சுழற்சியைக் குலைக்கும் முறைமாற்று வேலை மாந்தர்க்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடும் என்று அறிவித்தது. இவ்வறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஜாசின் தோட்டப்புறத்தின் நூற்றாண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பின், இதுகாறும் கூலிக் கணக்காக மட்டும் எண்ணப்பட்டு வந்த ஒன்று உடற்கணக்காகவும் விரிவதைக் காணலாம்.

மலாயாவில் ரப்பரை வாணிபப் பயிராக முதன்முதல் நட்டவர் மலாக்காவைச் சேர்ந்த சீனப் பெருங்குடியினரான டான் சாய் யான். சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவின் இயக்குநராக 1888இல் வந்தமர்ந்த எச். என். ரிட்லி, காண்போரிடமெல்லாம் ரப்பர் விதையை நீட்டியமையால் பித்தர் என்று எள்ளப்பட்டவர். நூறாண்டு வாழ்ந்து, தம்மை எள்ளியோர் பலர் அம்மரத்தாலேயே செல்வராயினமையைக் கண்டவர். அவருடைய தூண்டுதலினால் டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அது நன்கு வளரக் கண்டு, லேடாங் மலையை அடுத்து ஜாசின் மாவட்டத்தில் உள்ள புக்கிட் ஆசகானில் ஏறத்தாழ 3,000 ஏக்கரில் பெருந்தோட்டம் அமைத்தார். 1906இல் அத்தோட்டம் இருபது இலட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட விலைக்கு ஆங்கிலேயக் குழுமம் ஒன்றின் கைக்கு மாறியது. அதன்பின் ஜாசின், பெம்பான், மெர்லிமாவ், கெசாங் எனக் காடு திருத்தப்பட்ட இடமெங்கும் தோட்டங்கள் எழுந்தன. டைமண்ட் ஜூபிலி, ஜாசின் லாலாங், கெமெண்டோர் முதலிய தோட்டப் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களோடு ஒட்டி நிலைத்துவிட்டன. கங்காணிமார் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டிக் கொணர்ந்தனர். 1938இல் இந்திய அரசு அவ்வகைக் குடியேற்றத்தைத் தடுக்கும் வரை லயங்கள் நிறைந்துகொண்டே இருந்தன.

பால்மரம் ஏன் வைகறையைக் கேட்டது என்பதை அறிந்துகொள்ளுதல் நலம். துரையின் கொடுமை, கங்காணியின் கடுமை என்று மட்டும் கூறி இதனை முடித்துவிடுதல் வழக்கம். மரத்தின் இயல்பும் அதில் பங்கு கொண்டது. பட்டையின் உட்புறத்தே ஓடும் பாற்குழல்கள் இரவில் நீர் ஏறிப் புடைத்து நிற்கின்றன. 1960களில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பட்டரி, போட்மேன் என்னும் இருவர் அவ்வழுத்தத்தை அளந்தனர். விடியலுக்கு முன் அது பத்து வளிமண்டல அழுத்தத்தையும் கடந்து நின்றது. உந்து வண்டியின் உருளையில் அடைக்கும் காற்று ஏறத்தாழ இரண்டு வளிமண்டல அழுத்தமே என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் விசை விளங்கும். கதிரவன் எழுந்ததும் இலைகளின் துளைகள் திறக்கின்றன, நீர் ஆவியாகின்றது, குழல்களின் புடைப்புத் தளர்கின்றது, பால் குறைகின்றது. ஆகவே வெயில் ஏறுமுன் உளி பட்டையிற் பட வேண்டும். மரம் பாலூறி நிறைவது இரவில். வெட்டுபவர் உடல் ஓய்ந்து நிறைவதும் இரவில். இவ்விரண்டும் ஒரே பொழுதில் நிகழ்வன என்பதிலேதான் இடர் தொடங்குகின்றது.

பிரட்டுக்கு மணி அடிக்குமுன் லயத்தில் முதலில் எழுந்தவர் பெண்கள். அடுப்பு மூட்டிச் சோறோ ரொட்டியோ சமைத்து, தேநீர்க் கலயத்தை நிரப்பி, உறங்கும் குழந்தையைத் துணியிற் சுற்றித் தோளில் இட்டு ஆயாக் கொட்டகைக்குக் கொண்டுசேர்த்த பின்னரே அவர்கள் பிரட்டுக் களத்திற்கு வந்து பேர் கொடுத்தனர். ஐந்தரை மணிக்குப் பிரட்டு எனில், அவர்தம் நாள் நான்கு மணிக்கோ அதற்கும் முன்போ தொடங்கிற்று. வாளியும் உளியும் ஏந்தி, கொசுவர்த்திப் புகையோ தலை விளக்கோ துணையாக நிறைக்குச் சென்று, பட்டை கண்ணுக்குப் புலப்படும் அளவு வெளிச்சம் வந்தவுடன் வெட்டத் தொடங்கினர். மரம் வெட்டி முடித்து, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டாவில் தூக்கி நிறுவையிற் கொண்டுபோய் ஊற்றி வீடு திரும்ப நண்பகலாகிவிடும். பிற்பகலில் ஆடவர் சற்றுக் கண்ணயர்ந்தனர். பெண்டிர்க்கு விறகும் துணியும் குழந்தையும் காத்திருந்தன. தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றிய எழுத்துகளில் வியர்வையும் கண்ணீரும் பலபட விரித்துரைக்கப்பட்டுள்ளன. அப்பெண்கள் இழந்த துயிலைக் கணக்கிட்டோர் மிகச் சிலரே.

இக்கணக்கில் பலர் கருதாத ஒரு கூறு கடிகாரம். ஜாசின் கிழக்கு நெட்டாங்கு 102 பாகையை அடுத்து அமைந்தது. ஞாயிற்றின் நடைப்படி அங்கு உச்சிப்பொழுது வருவது கிரினிச் நேரத்திற்கு ஏறத்தாழ 6 மணி 50 நிமிடம் முன்னதாக. 1905ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நீரிணைக் குடியேற்றங்கள் கிரினிச்சுக்கு 7 மணி முந்திய நேரத்தை ஏற்றன. ஜாசினில் கடிகாரம் ஞாயிற்றைவிடப் பத்து நிமிடமே விரைந்தது. 1933இல் கடிகாரம் மேலும் 20 நிமிடம் முன்னே தள்ளப்பட்டது. மாலையில் அலுவலகம் முடிந்தபின் விளையாட்டுக்கு வெளிச்சம் மிகுதியாகக் கிட்டும் என்பது அம்மாற்றத்திற்காக வழக்குரைத்தோர் காட்டிய நன்மைகளுள் ஒன்று. பந்தாடும் மாலைக்காக எடுக்கப்பட்ட அந்த இருபது நிமிடம் யாருடைய காலையிலிருந்து எடுக்கப்பட்டது என்று சட்ட மன்றத்தில் லயத்துப் பெண் எழுந்து கேட்க வாய்ப்பில்லை. 1941 செப்டம்பரில் இன்னும் பத்து நிமிடம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் தோக்கியோ நேரம் புகுத்தப்பட்டது; கடிகாரம் ஞாயிற்றினும் 2 மணி 10 நிமிடம் முந்தியது. தோட்டத்துத் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு இட்டுச் செல்லப்பட்ட அக்கொடிய ஆண்டுகளில் நேரம் என்பதே பொருளற்றுப் போயிற்று. 1945 செப்டம்பரில் பழைய நேரம் மீண்டது. 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், தீபகற்ப மலேசியாவின் நேரம் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒன்றுமாறு அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது. அன்றுதொட்டு ஜாசினில் கடிகாரம் ஞாயிற்றினும் 1 மணி 10 நிமிடம் முந்தி ஓடுகின்றது. கதிரவன் அங்கு ஏழு மணியை ஒட்டியே எழுகின்றான்.

இதன் விளைவைச் சிறு கணக்கால் காணலாம். பிரட்டு மணி கடிகாரத்தில் ஐந்தரை என்றே மாறாது நின்றிருப்பின், 1930இல் அது ஞாயிற்றின் கணக்கில் 5.20, 1960இல் 4.50, 1982க்குப் பின் 4.20. சில இடங்களில் வேலைநேரமும் கடிகாரத்தோடு நகர்ந்தது என்பது உண்மையே. நகராத இடங்களில் தொழிலாளியின் உடல், தான் அறியாமலே ஒரு மணி நேரம் இரவின் உள்ளே இழுக்கப்பட்டது. உடல் கடிகாரத்தைப் பார்த்து இயங்குவதில்லை. ஒளியைப் பார்த்து இயங்குகின்றது. இந்த உண்மையே துயிலையும் புற்றுநோயையும் இணைக்கும் ஆய்வின் அடித்தளம்.

இவ்வாய்வின் வரலாறு நெடியது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாசினி தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் வெளியிட்டு, 1713இல் அதனை விரிவாக்கினார். இரவெல்லாம் உழைத்துப் பகலில் உறங்கும் ரொட்டி சுடுவோரைப் பற்றி அதில் எழுதினார். மார்பகப் புற்று கன்னிமாட மகளிரிடையே மிகுதியாகக் காணப்படுவதையும் அந்நூலிலேயே குறித்தார். இரவு வேலை ஒரு பக்கத்திலும் மார்பகப் புற்று வேறொரு பக்கத்திலுமாக ஒரே நூலுள் இடம்பெற்றன. அவற்றை எவரேனும் ஒருங்கு வைத்து நோக்க முந்நூறு ஆண்டுகள் ஆயின. கன்னிமாடத்தார்க்கு அந்நோய் மிகுந்தமைக்கு மகப்பேறின்மையே காரணம் எனப் பின்னோர் தெளிந்தனர். எனினும் வாழ்க்கை முறைக்கும் புற்றுக்கும் உறவுண்டு என்று எண்ணத் தொடங்கிய பெருமை அம்மருத்துவருக்கு உரியது.

1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஏரன் லெர்னர் என்னும் தோல் மருத்துவர், தோலின் நிறமாற்றத்துக்கு மருந்து தேடும் முயற்சியில், மாட்டின் மூளையிலுள்ள கூம்புச் சுரப்பியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து அதற்கு மெலடோனின் என்று பெயரிட்டார். அவர் தேடிய மருந்து அதுவன்று. இருள் சூழ்ந்தபின் இரத்தத்தில் பெருகி, விடியலில் தேயும் இரவின் தூதாக அது பின்னர் அறியப்பட்டது. 1980இல் ஆல்ஃபிரட் லூவி முதலியோர், இரவில் காட்டப்படும் பேரொளி மாந்தர் உடலில் மெலடோனினை அடக்கிவிடுகின்றது என்று மெய்ப்பித்தனர். அதனினும் குறைந்த ஒளியும் அவ்வாறு செய்ய வல்லது எனப் பின்னைய ஆய்வுகள் காட்டின. கூம்புச் சுரப்பியின் தளர்ச்சி மார்பகப் புற்றுக்கு வழிகோலலாம் என்ற கருத்து 1978இல் மருத்துவ இதழ் ஒன்றில் முன்வைக்கப்பட்டிருந்தது. இவற்றை ஒன்று கூட்டி, மின்விளக்கு ஒளிரும் நாடுகளில் மார்பகப் புற்று மிகுவதற்கு இரவின் ஒளியும் ஒரு காரணமாகலாம் என்று 1987இல் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் எழுதினார். அன்று அது ஊகமே. ஊகம் என்றே அவரும் பெயரிட்டார்.

ஊகத்தைச் சோதிக்க இரவில் விழித்திருப்போரை ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து நோக்க வேண்டும். அதற்கு வாய்த்தவர்கள் செவிலியர். 2001இல் இவா ஷெர்ன்ஹாமர் குழுவினர் அமெரிக்கச் செவிலியர் 78,562 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். முப்பது ஆண்டும் அதற்கு மேலும் இரவு முறை பார்த்தோர்க்கு மார்பகப் புற்று, அம்முறை பாராதோரைவிட 36 விழுக்காடு மிகுதியாக இருந்தது. அவ்வாண்டிலேயே டென்மார்க்கிலும் ஒத்த முடிவு கிட்டியது. 2005இல் டேவிட் பிளாஸ்க் குழுவினர் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. பெண் தன்னார்வலரிடமிருந்து பகலிலும், இருண்ட இரவிலும், இரவிற் பேரொளி காட்டிய பின்னும் என மூன்று வேளைகளில் இரத்தம் பெற்று, எலிகளில் வளர்க்கப்பட்ட மாந்த மார்பகப் புற்றுக் கட்டிகளினூடே அதனைச் செலுத்தினர். இருண்ட இரவின் இரத்தம் கட்டியின் வளர்ச்சியைத் தளர்த்தியது. பகலின் இரத்தமும், ஒளி பட்ட இரவின் இரத்தமும் அவ்வாறு தளர்த்தவில்லை.

இவற்றையும் விலங்காய்வுகளையும் சீர்தூக்கியே லியோன் குழு 2007இல் தன் தீர்ப்பை உரைத்தது. ஆனால் ஆய்வுலகில் ஒரு குரலே ஒலித்ததன்று. 2016இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் பத்து ஆய்வுகளில் அடங்கிய ஏறத்தாழ 14 இலட்சம் பெண்களின் செய்திகளைத் தொகுத்து, இரவு வேலையால் மார்பகப் புற்று மிகவில்லை என்று எழுதினர். எதிர்த்தோர், அத்தொகுப்பில் அடங்கிய பெண்கள் பலர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நெடுநாள் கழிந்தவர் என்றும், எத்தனை ஆண்டு, எந்த அகவையில், வாரத்திற்கு எத்தனை இரவு என்பன நுணுகிக் கேட்கப்படவில்லை என்றும் மறுத்தனர். 2019 சூனில் 16 நாடுகளைச் சேர்ந்த 27 அறிஞர் மீண்டும் லியோனில் கூடினர். இம்முறை பொருளின் பெயரையே மாற்றி ‘இரவு முறை வேலை’ என்று தெளிவாக வைத்துக்கொண்டனர். மாந்தரிடையே கிட்டிய சான்று மார்பகம், ஆண்பாற் சுரப்பி, பெருங்குடல், மலக்குடல் ஆகியவற்றின் புற்றுகளைப் பொறுத்தவரை ஓரளவினதே என்றனர். விலங்குகளில் போதிய சான்று உண்டு என்றனர். முடிவாக, முன்னைய 2ஏ வகையிலேயே அதனை நிறுத்தினர்.

2ஏ என்னும் வகையைப் பிழைபட உணர்வோர் பலர். அது சான்றின் வலிமையைக் குறிக்குமேயன்றித் தீங்கின் பெருமையைக் குறிப்பதன்று. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி முதலிய செவ்விறைச்சியும் 2015 முதல் அவ்வகையிலேயே உள்ளது. குறைவாக உறங்குவோர்க்கெல்லாம் புற்று வரும் என்று கூறுதலும் தவறு. உறங்கும் மணிக்கணக்கிற்கும் புற்றுக்கும் உள்ள உறவைத் தேடிய ஆய்வுகள் ஒன்றோடொன்று முரணியே நிற்கின்றன. ஐயத்திற்குரியது துயிலின் அளவினும், இருளில் அமைய வேண்டிய துயில் ஒளியில் குலைவதே. தேர்வுக்காக ஓரிரவு கண்விழித்த மாணவரை இச்செய்தி கூறி அச்சுறுத்துதல் ஆகாது.

இவ்வளவையும் கருத்திற்கொண்டு ஜாசின் லயத்திற்குத் திரும்பினால், பால்மரம் வெட்டிய தாயின் இரவும் தொழிற்சாலைக்குச் சென்ற மகளின் இரவும் வெவ்வேறாகத் தோன்றுகின்றன. தாய் துயிலை இழந்தாள், இருளை இழக்கவில்லை. பல தோட்டங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. மின்னாக்கிப் பொறி வந்த இடங்களிலும் குறித்த நேரத்தில் அது நிறுத்தப்பட்டு லயம் இருளில் மூழ்கியது. எட்டு, ஒன்பது மணிக்குப் பாய் விரித்தவள் நான்கு மணிக்கு எழும்போது ஏழு மணி நேர இருட்டு அவள் உடலுக்குக் கிட்டியிருந்தது. அடுப்பு நெருப்பும் சிறு விளக்கும் தரும் ஒளி, மருத்துவமனைக் கூடத்து ஒளியோடு ஒப்பிடத்தக்கதன்று. அவளுக்கு வேறு துன்பங்கள் இருந்தன: களைப்பு, சோகை, ஓயாத மகப்பேறு. ஆயினும் நாட்சுழற்சி என்னும் ஒன்றைப் பொறுத்தவரை, வைகறைத் தொழிலாளி ஞாயிற்றோடு பெரிதும் முரணியவள் அல்லள். தோட்ட வாழ்வின் கொடுமைகள் அனைத்தையும் ஒரே தட்டில் இட்டு நிறுப்பவர்களுக்கு இது கசப்பாக இருக்கலாம். வரலாறு எழுதுவோர் இதனை மறைத்தல் கூடாது.

மகளின் கதை வேறு. 1970களின் தொடக்கத்தில் மலாக்காவில் பத்து பெரெண்டாம், தஞ்சோங் கிளிங் ஆகிய இடங்களில் சுதந்திர வாணிப வட்டாரங்கள் அமைந்தன. மின்னணுத் தொழிற்சாலைகள் இளம்பெண்களின் கூரிய கண்ணையும் மெல்லிய விரலையும் நாடின. ரப்பர் விலை சரிந்தும், தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனை பரவியும் வந்த காலம் அது. செம்பனைக் குலை வெட்ட விடியல் வரும் வரை பொறுக்கலாம். ஆனால் அது பெண்களுக்கு முன்போல் நிலையான வேலை தரவில்லை. தொழிற்சாலைப் பேருந்து தோட்டத்து முகப்பில் வந்து நின்றது. மாதச் சம்பளம், சீருடை, தோழியர் கூட்டம், தந்தையின் கையை எதிர்பாராத வாழ்வு எல்லாம் அப்பேருந்தில் வந்தன என்பதை மறுக்க இயலாது. பகல் முறை, மாலை முறை, இரவு முறை என மூன்றும் மாறி மாறி வந்தன. ஒரு வாரம் நடுப்பகல் போன்ற வெள்ளொளியின் கீழ் யாமம் கழியும். மறுவாரம் அதே உடல் யாமத்தில் உறங்க முயலும். பகலில் லயத்து வீட்டில் உறங்குவதோ அரிது: தகரக் கூரையின் வெப்பம், பிள்ளைகளின் ஆரவாரம், அடுத்த வீட்டு வானொலி. லியோன் குழு ஆய்ந்த வாழ்வு இதுவே. தாயினும் மகள் நல்ல கூலி பெற்றாள். தாய் இழக்காத ஒன்றையும் இழந்தாள்.

இந்த இழப்புக்கு எதிராகச் சட்டம் ஒன்று நின்றதுண்டு. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, தொழிற்சாலையிலோ வேளாண் தொழிலிலோ பெண் ஊழியரை இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை வேலை வாங்கலாகாது என்றும், ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்றும் விதித்தது. இவ்வெண்கள் மலாயாவிற் பிறந்தவை அல்ல. ஆசகான் தோட்டம் கைமாறிய அதே 1906இல், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஐரோப்பிய நாடுகள் பெண்களின் இரவு வேலையைத் தடுத்து உடன்படிக்கை செய்தன. பத்து மணி, ஐந்து மணி, பதினொரு மணி நேர ஓய்வு என்பன அங்குதான் வரையறுக்கப்பட்டன. 1919இல் வாசிங்டனில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு அவற்றை வழிமொழிந்தது. அங்கிருந்து அவை மலாயாச் சட்டத்தினுள் வந்தன. புற்றுநோயை அன்று எவரும் கருதவில்லை. குடும்பம், ஒழுக்கம், தாய்மை என்பனவே பேசப்பட்டன. காரணம் தவறாயிருந்தும் காவல் சரியாக அமைந்த விந்தை அது.

அக்காவலும் முழுமையானதன்று. சட்டம் குறித்த ஐந்து மணி என்பது பெர்ன் நகரின் ஐந்து மணி. ஜாசினில் 1981 வரை அது ஞாயிற்றின் கணக்கில் 4.20, 1982 முதல் 3.50. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே, அது காத்த இரவு ஞாயிற்றின் கணக்கில் அரை மணி நேரம் முன்னதாக நகர்ந்தது. மேலும், விலக்கு அளிக்கும் அதிகாரம் அப்பிரிவிலேயே இருந்தது. தொழிற்சாலைகள் பெருகியபோது அவ்விலக்கே நடைமுறையாகி, விதி ஏட்டில் தங்கிற்று.

டென்மார்க் வேறு வழி சென்றது. லியோன் அறிவிப்பு வந்த சில காலத்திற்குள், இருபது ஆண்டுக்கு மேல் வாரம் ஓரிரவேனும் வேலை பார்த்து மார்பகப் புற்றுக்கு ஆளான பெண்கள் ஏறத்தாழ 40 பேர்க்குத் தொழில்நோய் இழப்பீடு வழங்கியது. செவிலியரும் விமானப் பணிப்பெண்களும் அவருள் அடங்குவர். அவ்விழப்பீட்டிற்கு அடிப்படையான சான்று பிற்காலத்தில் ஐயுறப்பட்டது என்பதையும் சேர்த்தே கூற வேண்டும். சான்று முழுமை பெறும் வரை நோயாளி காத்திருப்பதா, அரசு காத்திருப்பதா என்னும் வினாவிற்கு அந்நாடு தனக்கென ஒரு விடை கண்டது.

மலேசியாவில் பெண்களைப் பீடிக்கும் புற்றுகளுள் மார்பகப் புற்றே முதலிடம் பெறுகின்றது. நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடு 2012 முதல் 2016 வரையிலான ஆண்டுகளுக்கு வெளியிட்ட அறிக்கைப்படி, அந்நோயுற்றோரில் ஏறத்தாழ 48 விழுக்காட்டினர்க்கு அது மூன்றாம், நான்காம் நிலைகளிலேயே கண்டறியப்பட்டது. இரவு வேலை கூட்டக் கூடிய இடரினும் காலந்தாழ்த்திக் காண்பதால் விளையும் கேடு மிகப் பெரிது. பகலில் உறங்கி இரவில் உழைக்கும் பெண்ணுக்கு மருத்துவரைப் பார்க்கும் நேரமும் உறங்கும் நேரமும் ஒன்றே என்பதும் இங்கு நினைக்கத் தக்கது.

1990இல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் புதியதோர் இரவு வேலை உடன்படிக்கையை இயற்றியது. அது ஆண், பெண் இருபாலரையும் உட்படுத்துகின்றது. வேலையை அடியோடு தடுப்பதற்கு மாறாக, தொழிலாளி கேட்டால் கட்டணமின்றி உடல்நலச் சோதனை பெறும் உரிமையை வழங்குகின்றது. லியோன் குழுவின் பட்டியலில் ஆண்பாற் சுரப்பியும் குடலும் இடம்பெற்றமையை நோக்க, பெண்ணுக்கு மட்டும் இரவைக் காப்பது போதாது என்பது விளங்கும். மலேசியாவில் வேலைவாய்ப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. பெண்களின் உழைப்புரிமையில் வேற்றுமை கூடாது என்ற நோக்கில் 34ஆம் பிரிவு நீக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அத்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, பெர்னில் 1906இல் வகுக்கப்பட்டு ஜாசினின் பால்மரக் காட்டையும் தொழிற்சாலைப் பேருந்தையும் தொட்டுச் சென்ற அந்தப் பத்து மணியும் ஐந்து மணியும் அப்பிரிவோடு நீங்கின.